ரத்தத்தில் ஈரல் புழுவைத் தேடிய கதை

கால்நடை மருத்துவ முதுநிலைப் படிப்பில் எனக்குக் கிடைத்த தலைப்பு இதுதான்: செம்மறியின் ஈரலில் தட்டைப்புழு இருப்பதை ரத்தத்தை வைத்தே சொல்ல முடியுமா?

புழுக்கையில் முட்டை பார்த்தால் போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். ஃபேசியோலா ஜைகாண்டிகா என்ற இந்தத் தட்டைப்புழு ஈரலைத் துளைத்துக்கொண்டு போய், பித்தநாளத்தில் முதிர்ந்த பிறகுதான் முட்டையிடும். அதற்கு மூன்று மாதத்துக்கு மேலேயும் ஆகிவிடும். அதற்குள் ஈரல் கெட்டுவிடுமே.

மாதிரி எடுக்க ஆட்டுத்தொட்டிக்குப் போனேன். அங்கேதான் விடையைக் கண்ணால் சரிபார்க்க முடியும். அறுப்பதற்கு முன் கழுத்து ரத்தநாளத்தில் ரத்தம், அப்புறம் அதே எண்ணுள்ள ஆட்டின் ஈரல். வெட்டும் அண்ணன் ஒருவர் தடித்த பித்தநாளத்தைக் கட்டைவிரலால் தடவியே, "இதுல இருக்கு டாக்டர்" என்பார். கீறி அழுத்தினால் இலை மாதிரி பழுப்பாக வழுக்கிக்கொண்டு வரும்.

ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீர்தான் சீரம். அதைப் பிரிப்பதில் ஒரே கெடுபிடி, குலுக்கக் கூடாது. சிவப்பணு உடைந்து இளஞ்சிவப்பாக வந்த சீரத்தை ஓரங்கட்டிவிடுவேன். அடுத்த தொல்லை அல்புமின். சீரப் புரதத்தில் பெரும்பங்கு அதுதான். அதை நீக்கினால்தான் சின்னச் சின்னப் புரதங்கள் தெரியும். மனித அல்புமினுக்கான ஆன்டிபாடி வைத்துச் செய்த கிட் ஆட்டிடம் சரியாக எடுபடாது. அல்புமினைப் பிடித்துக்கொள்ளும் சாயம் பூசிய வடிகுழாய் (column) வாங்கிச் சமாளித்தோம்.

முதலில் கண்ணில் பட்டது ஹாப்டோகுளோபின் என்ற புரதம். ஆரோக்கியமான ஆட்டில் இது இருப்பதே தெரியாது. புழு கண்ட ஆடுகளில் நன்றாக ஏறியிருந்தது. வழிகாட்டி கேட்டார்: "நிமோனியா ஆட்டுலயும் பார்த்தீங்களா?" பார்த்தால் அங்கேயும் ஏற்றம்தான். ஏறும் புரதம் எளிதாகக் கிடைத்துவிடும். இந்தப் புழுவுக்கு மட்டும் ஏறுவதுதான் கிடைக்காது. அதனால் என்னைக் கேட்டால், ஒப்பிட எடுக்கும் ஆடுகளில்தான் ஆய்வின் உயிரே இருக்கிறது. குளம்பழுகல், ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு, ஆம்பிஸ்டோம் என்ற இரைப்பைத் தட்டைப்புழு எல்லாம் உள்ள ஆடுகளையும் சேர்த்தோம்.

ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் என்சைம்களில் ஜிஎல்டிஹெச் சீக்கிரமே ஏறும். குஞ்சுப்புழு ஈரல் திசுவைக் குடையும் நேரம் அது. ஜிஜிடி என்ற இன்னொரு என்சைம் பிறகு, பித்தநாளம் பாதிக்கும்போது. ஆனால் உன்னிச்செடி தின்ற ஆட்டுக்கும் ஜிஜிடி ஏறும். புழுவின் பெயரைச் சொல்ல, புழுவே சுரக்கும் கேதெப்சின் எல் என்ற என்சைம் வேண்டும். அதற்கு எதிரான ஆன்டிபாடி சில வாரங்களிலேயே எலைசா என்ற ரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், மருந்து கொடுத்துப் புழு செத்த பிறகும் அது மாதக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். சந்தையிலிருந்து வந்த ஆட்டுக்கு யார் எப்போது மருந்து ஊற்றினார்கள் என்று யாரைக் கேட்பது? அதனால் வாய்க்கால் கரையில் மேயும் மந்தைகளைத் தேடிப் போய், டிரைகிளாபெண்டசோல் என்ற புழு மருந்து கொடுக்கும் முன்பும் பின்பும் ரத்தம் எடுத்தோம்.

கடைசியில் ஆன்டிபாடியோடு ஜிஎல்டிஹெச்சையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வந்த முதல் கேள்வியே, "மருந்தைவிடச் சோதனைக்கு அதிகம் செலவாகுமே, யார் செய்வார்கள்?" ஒவ்வொரு ஆட்டுக்கும் வேண்டாம், மந்தைக்குச் சில ஆடுகளைப் பார்த்து மொத்தமாக முடிவெடுக்கலாம் என்றேன். தேர்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.