ஒரே ப்ராஜெக்ட், மூன்று சார்பு மரங்கள்: நியூகெட் பதிப்புச் சிக்கல்கள்

டாட்நெட் ப்ராஜெக்ட் கோப்பான சிஎஸ்ப்ராஜின் டார்கெட்ஃப்ரேம்வொர்க்ஸ் வரியில் நெட்8.0, நெட்ஸ்டாண்டர்ட்2.0, நெட்472 (டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.7.2) என மூன்றையும் எழுதினால், பேக்கேஜ் மேலாளரான நியூகெட் மூன்று சார்பு மரங்களை, அதாவது எந்தப் பேக்கேஜ் எதை நம்பியிருக்கிறது என்ற வரைபடங்களை, தனித்தனியாகக் கட்டுகிறது. மூன்றும் ஓபிஜே ஃபோல்டரில், ப்ராஜெக்ட்.அசெட்ஸ்.ஜேசன் கோப்பில் தனித்தனிப் பகுதிகளாக இருக்கும். பேக்கேஜ்களைத் தரவிறக்கிப் பொருத்தும் ரீஸ்டோர் படியில் பிழை வந்தால், அது எந்த ஃப்ரேம்வொர்க்கின் மரத்தில் வந்தது என்று முதலில் பாருங்கள்.

ஜேசன் தரவைக் கையாளும் சிஸ்டம்.டெக்ஸ்ட்.ஜேசன் 8.0.5-ஐயே எடுத்துக்கொள்வோம். நெட்8.0-இல் அந்த லைப்ரரி ரன்டைமோடே வருகிறது. நெட்472-இல் பேக்கேஜாக வந்தாக வேண்டும், வரும்போது சிஸ்டம்.மெமரி, சிஸ்டம்.ரன்டைம்.கம்பைலர்சர்வீசஸ்.அன்சேஃப் 6.0.0 என்று ஒரு கூட்டத்தையே இழுத்து வரும். சிஎஸ்ப்ராஜில் யாரோ எப்போதோ அன்சேஃப் 5.0.0 என்று நேரடியாக எழுதி வைத்திருந்தால், பதிப்பு கீழிறங்குகிறது என்ற என்யு1605 எச்சரிக்கை கிளம்பும். நேரடியாகக் கேட்ட பதிப்பு குறைவானதாக இருந்தாலும் அதற்கே முன்னுரிமை என்பது நியூகெட்டின் விதி. இந்த எச்சரிக்கையை டாட்நெட்டின் பில்டு கருவித்தொகுப்பான எஸ்டிகே பிழையாகவே நடத்துகிறது, நல்ல காரியம். நோவார்னில் சேர்த்து அதன் வாயை அடைக்காதீர்கள். அந்தப் பழைய வரியை நீக்குங்கள், அல்லது 6.0.0-க்கு உயர்த்துங்கள்.

சிஸ்டம்.டெக்ஸ்ட்.ஜேசன் வரியை நெட்472, நெட்ஸ்டாண்டர்ட்2.0 இரண்டுக்கும் மட்டும் கண்டிஷன் போட்ட ஐட்டம்குரூப்பில் வையுங்கள். பதிப்பு எண் டைரக்டரி.பேக்கேஜஸ்.ப்ராப்ஸில் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு ஃப்ரேம்வொர்க்குக்கும் தனி எண் வைக்கவும் வழியுண்டு; வேறு போக்கிடம் இல்லாதபோது மட்டும் அதைத் தொடுங்கள்.

ரீஸ்டோர் பச்சையானாலும் நெட்472 ஓடும்போது கவிழலாம். பழைய சிஸ்டம்.மெமரி, அன்சேஃப் அசெம்பிளியின் (தொகுக்கப்பட்ட டிஎல்எல் கோப்பின்) 4.0.4.1 பதிப்பைத் துல்லியமாகக் கேட்கும். கையில் இருப்பதோ 6.0.0.0. டாட்நெட் கோரில் உயர்ந்த பதிப்பு இருந்தால் போதும், டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் பைண்டிங் ரீடைரக்ட் (பழைய பதிப்பைக் கேட்டால் புதியதைக் கொடு என்ற கான்ஃபிக் வரி) இல்லாமல் நடக்காது. எக்ஸ்இ ப்ராஜெக்டுக்கு எஸ்டிகே தானே எழுதித் தரும். லைப்ரரியாகத் தொகுக்கப்படும் டெஸ்ட் ப்ராஜெக்டில் ஆட்டோஜெனரேட்பைண்டிங்ரீடைரக்ட்ஸ், ஜெனரேட்பைண்டிங்ரீடைரக்ட்ஸ்அவுட்புட்டைப் இரண்டையும் ட்ரூ ஆக்க வேண்டும். இரண்டாவதை மறப்பவர்களே அதிகம்.

என்யு1701 வெறும் எச்சரிக்கைதான், ஆனால் ஆபத்தானது. நெட்8.0-க்குப் பொருந்தும் கோப்பு எதுவும் பேக்கேஜில் இல்லாததால், டாட்நெட் ஃப்ரேம்வொர்க்குக்கான கோப்பை எடுத்துக்கொண்டேன் என்கிறது அது. இல்லாத ஏபிஐ ஒன்றைத் தொடும் வரை ஓடும்.

எந்தப் பேக்கேஜ் எதை இழுத்தது என்று டாட்நெட் நியூகெட் ஒய் கட்டளை காட்டும். பதிப்புகளைப் பூட்டி வைக்கும் பேக்கேஜஸ்.லாக்.ஜேசனை கிட்டில் சேர்த்து, தானியங்கி பில்டு நடக்கும் சிஐ சர்வரில் லாக்டு மோடில் ரீஸ்டோர் செய்யுங்கள். ஏதாவது ஒரு மரம் நகர்ந்தாலும் பில்டு அங்கேயே நின்றுவிடும்.