வீட்டிலேயே தினமும் ஒரு குவாட்டர்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒருவரின் குடியைப் பற்றிப் பேச்சு வந்தால், பெரும்பாலும் ஒரே அளவுகோலைத்தான் எடுக்கிறோம்: தெருவில் விழுந்து கிடந்தாரா, வீட்டில் கை நீட்டினாரா, சம்பளத்தை அழித்தாரா. மூன்றுக்கும் இல்லை என்றால் அவர் குடிகாரர் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். "அவிய குடிச்சிட்டு ஒரு வார்த்தை கூடுதலா பேச மாட்டாவ, சாப்பிட்டுட்டு அவியபாட்டுக்குப் படுத்துருவாவ" என்றுதான் என் சித்தியும் சித்தப்பாவுக்காகப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அது பிறருக்கு வரும் தொல்லையைப் பற்றிய பேச்சு. குடிக்கிறவரின் உடம்பைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

குவாட்டர் என்பது 180 மில்லி. டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி, ரம் பாட்டில்களின் லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கணக்குப்படி அந்தச் சிறிய பாட்டிலுக்குள் ஏறத்தாழ 77 மில்லி, எடையில் 60 கிராம், சுத்த ஆல்கஹால் இருக்கிறது. பிரிட்டனில் 2016 முதல் வாரத்துக்கு இதற்கு மேல் வேண்டாம் என்று மருத்துவ ஆலோசகர்கள் சொல்லும் 14 யூனிட் என்பதே மொத்தம் 112 கிராம்தான். தினம் ஒரு குவாட்டர் குடிப்பவர் இரண்டாம் நாள் இரவிலேயே அந்த ஒரு வார வரம்பைத் தாண்டிவிடுகிறார். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், உடல்நலத்துக்குக் கேடில்லாத அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்றே அறிவித்தது. அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் உறவினர்கள் இதையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை.

அளவு என்ற ஒன்று வீட்டில் இருப்பதுமில்லை. பேரப்பிள்ளைகள் நிறத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகச் சித்தப்பா எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்றுவார். அந்த டம்ளரில் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு ஊற்றினார் என்பது தெரியாது. நாளடைவில் ஊற்றுகிறவருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. பாரில் 30 மில்லி, 60 மில்லி என்று அளந்து ஊற்றுகிறார்கள். வீட்டில் கைதான் அளவு, அந்தக் கை வருடத்துக்கு வருடம் தாராளமாகிக்கொண்டே போகிறது. கட்டிங் (அரைக் குவாட்டர்) ஒன்றில் கிடைத்த தூக்கம் இப்போது முழுக் குவாட்டரில்தான் கிடைக்கிறது. எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறாதவர் என்று நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். மூளை அந்த அளவுக்குப் பழகிப்போய்விட்டது என்பதுதான் அதன் பொருள், அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அந்தத் தூக்கமும் முழுத் தூக்கம் இல்லை. சட்டென்று கண்ணை அசத்தி, பின்னிரவில் எழுப்பிவிடும். கல்லீரலோ கொழுப்புப் படிந்து வெகுகாலம் வலியே காட்டாமல் இருக்கும். அந்தக் கட்டத்தில் குடியை நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும். சுருங்கித் தழும்பேறிய பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் உறுத்துவது மாலை நேரம். ஆறரை மணிக்கு மேல் நடக்கும் எதற்கும் சித்தப்பா வருவதில்லை. கல்யாணம் என்றால் காலை முகூர்த்தத்துக்கு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, பந்தியில் சொதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார். முந்தின நாள் வரவேற்புக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடுவார். சென்னையில் இருக்கும் பேரனின் பிறந்தநாளுக்குக்கூட, நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு முழுதும் பயணம் செய்ய வேண்டும் என்பதாலேயே சித்தி மட்டும் போய் வந்தார். அந்தச் சித்தியும் நெல்லையப்பர் கோயில் சாயரட்சைக்குப் போவதை நிறுத்தி நெடுநாளாகிறது. அந்த வேளையில் அப்பளம் பொரித்து, ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்து வைக்க ஆள் வேண்டுமே. சண்டை சச்சரவு எதுவும் இல்லாமலேயே இரண்டு பேரின் மாலைகள் போய்விட்டன.

மருத்துவர்கள் தொடக்கத்தில் கேட்கும் எளிய கேள்விகள் நான்கு உண்டு. குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா, பிறர் குறை சொன்னால் எரிச்சல் வந்ததா, குற்றவுணர்வு வந்ததா, காலையில் எழுந்ததும் உடம்பு நிலைப்படக் குடிக்க வேண்டியிருந்ததா என்று கேட்பார்கள். இரண்டுக்கு ஆம் என்று பதில் வந்தாலே விரிவாகப் பார்க்க வேண்டும். வாரத்தில் ஏதாவது இரண்டு நாள் தொடாமல் இருக்க முடிகிறதா, அந்த நாள்களில் மனிதர் இயல்பாக இருக்கிறாரா என்பதை நானும் சேர்த்துக் கேட்பேன்.

குலசை தசராவுக்கோ சபரிமலைக்கோ மாலை போட்டால் தொடவே மாட்டார், அதனால் அடிமை இல்லை என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். விரதத்தின் வலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மாலை கழற்றிய அன்று மாலையே பாட்டில் திறக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நெடுநாள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத உருவங்கள் தெரிந்து மனம் குழம்பலாம். அதைக் காத்து கருப்பு என்று எண்ணித் திருநீறு போட அழைத்துப் போகக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தான நிலை, உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஆகவே இன்றோடு விட்டுவிடுங்கள் என்று வீட்டில் வற்புறுத்துவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்ப்பதே முறை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நடுக்கத்தை அடக்கச் சில நாள் மாத்திரையும், தயமின் என்னும் வைட்டமின் ஊசியும் கொடுத்து, கண்காணித்துக்கொண்டே நிறுத்த வைக்கும் சிகிச்சை இன்று வழக்கத்தில் உள்ளது. போதை மறுவாழ்வுக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

சித்தியிடம் 30 மில்லி அளவுக் குவளை ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சித்தப்பா மறுக்கவில்லை, அளந்துதான் பார்ப்போமே என்றார். எத்தனை முறை ஊற்றினார், எப்போது படுத்தார், காலையில் காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை எப்படி இருந்தது என்பதைச் சித்தி தினசரி காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைக்கிறார். சித்தப்பா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சில மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், அந்த மருந்துச் சீட்டையும் இந்தத் தாள்களோடு சேர்த்து மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.