40 பேருக்குச் சோறு வடிக்கிறவள்

2024 மே 6, பாளையங்கோட்டை

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. எங்கள் குழந்தைகள் இல்லத்தின் மூத்தவள் பாஸ். பெயர் எழுத மாட்டேன். மிட்டாய் கொடுத்து முடித்ததும் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, ஜூன்ல எனக்கு 18 முடியுது. அப்புறம் நான் எங்க போவேன்?"

மே 9

உட்கார வைத்துப் பேசினேன். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு இவளைப் போன்றவர்களுக்காகத்தான் இருக்கிறது. 18க்குப் பிறகும் 21 வயது வரை பின்பராமரிப்பு, அதாவது இல்லத்தை விட்டுப் போன பிறகான உதவி, கேட்கலாம். தக்க காரணம் இருந்தால் 23 வரை. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவில் அதற்கு மாதம் 4000 ரூபாய்க்கு இடமிருக்கிறது. ஆனால் எதுவும் தானாக நடக்காது. இல்லத்துப் பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றே எழுதினேன்.

மே 14

முக்கூடலிலிருந்து அவளுடைய தாய்மாமன் வந்திருந்தார். 7 வருஷமாக எட்டிப் பார்க்காதவர், கையில் அல்வாவோடும் ஒரு மாப்பிள்ளை பேச்சோடும் வந்திருக்கிறார். "18 ஆயிட்டுன்னா யாரு கேக்கப் போறா?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சின்ன வயதில் வேண்டாத பிள்ளை வளர்ந்ததும் சொந்தமாகிவிடுகிறாள். அவர் முன்னால் எதுவும் கேட்காமல், போன பிறகு அவளிடம் தனியாகக் கேட்டேன். "நர்சிங் படிக்கணும்க்கா" என்றாள். அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கி, குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

மே 20

ஒரு ஆளுக்குச் சோறு வைக்கச் சொன்னேன். விழித்தாள். 40 பேருக்கு அண்டாவில் கண்ணளவிலேயே வடித்துவிடுவாள். சின்னச் சட்டியில் 3 உழக்கு அரிசியைக் கொட்டிவிட்டாள். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அரை உழக்கை எடுத்துக் காட்டினேன். "இத்தனூண்டா?" என்று உள்ளங்கையில் கொட்டி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கான அளவை அவளுக்கு யாரும் காட்டியதே இல்லை.

ஜூன் 3

வங்கிக்குப் போனோம். மைனர் கணக்கு 18 முடிந்ததும் அவள் பெயரில் மாற வேண்டும். அதற்காக நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுப் பழகியிருக்கிறாள்.

ஜூன் 17

முன்பு இங்கிருந்து போன 2 பெண்களோடு வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டில் தங்க வைத்திருக்கிறோம். உதவித்தொகை இன்னும் கணக்கில் ஏறவில்லை. புதன்கிழமை மறுபடியும் போய்க் கேட்க வேண்டும். மாமா 2 தடவை கூப்பிட்டாராம். அவள் எடுக்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள்.