அப்பாவின் நடையை அளக்க இரண்டு முறை அலைந்தோம்

அப்பாவுக்குப் பார்க்கின்சன்ஸ் வந்து ஆறு வருடம் ஆகிறது. நடக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. போன மாதம் வாசல்படியில் விழப் பார்த்தார். வேறொரு வேலை செய்துகொண்டே நடப்பதை அளந்து வரும்படி நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் பட்டது இன்னும் ஆறவில்லை. மேலூரில் காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினோம். டோக்கன் போட்டு எங்களைக் கூப்பிடும்போது மதியம் ஒன்று. எட்டு மணிக்குப் போட்ட சிண்டோபா என்ற பார்க்கின்சன்ஸ் மாத்திரையின் வேகம் அதற்குள் இறங்கிவிட்டது. மாத்திரை போட்ட நேரத்தை ஒருவரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னதையும் எழுதவில்லை. ஆள் போய்வரும் வராந்தாவில் நிறுத்தி, "நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே நட பெருசு" என்றார்கள். தொண்ணூற்று மூன்று என்றார் அப்பா. அதோடு வாயும் நின்றது, காலும் நின்றது. நாற்பது வருடம் காய்கறிக் கடைக் கல்லாவில் கணக்குப் பார்த்தவர், அத்தனை பேர் முன்னாலும் தலை குனிந்து நின்றார். சீட்டில் 'முடியவில்லை' என்று மட்டும் எழுதித் தந்தார்கள். ஒரு விநாடிக் கணக்குகூட இல்லை. அதை வைத்து டாக்டர் என்ன செய்வார்?

அடுத்த வாரம் அண்ணா நகர்ப் பக்கம் வேறொரு இடம். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண் முதலில் கேட்டதே மாத்திரை நேரத்தைத்தான். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வெறும் நடைக்கு 14 விநாடி. தண்ணீர் டம்ளரோடு 17. அப்புறம் கணக்கு. "முதல்ல உட்கார்ந்தே மூணு மூணா கழிங்க ஐயா" என்றார். அப்பா மளமளவென்று சொன்னார். உட்கார்ந்து எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால்தானே நடக்கும்போது எது குறைகிறது என்று பிடிபடும்? கழித்துக்கொண்டே நடந்தபோது 21 விநாடி. திரும்புகிற இடத்தில் பாதம் தத்தளித்தது, விடையும் இரண்டு தப்பியது. அந்தப் பெண் தொடாமல், ஆனால் இடுப்பருகே கையை வைத்தபடியே கூட வந்தார். வெறும் நடையைவிட 50 சதவீதம் கூடுதல் நேரம் என்று எழுதித் தந்தார்.

போகிறவர்கள் மாத்திரை நேரம், செருப்பு, கைத்தடி, கொடுத்த கணக்கு என்று இந்த நாலு விஷயத்தையும் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து இவை மாறினால் ஒப்பிட முடியாது. கணக்கு வராதவர் என்றால் காய்கறிப் பெயரோ ஊர்ப் பெயரோ சொல்ல வைக்கலாம், தயங்காமல் கேளுங்கள்.

அப்பா கொல்லைப்புறம் போகும்போது இப்போது வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. போய் உட்கார்ந்ததும்தான் பேசுகிறோம்.