கல்லடிக் காற்றில் இளம் பூஅர்

மட்டக்களப்பில் தேத்தண்ணி என்றால் தூள் சாயம். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, கடுஞ்சாயமாக இறங்கவிட்டு, சீனி போட்டுக் குடிப்பது. அதே கைப்பழக்கத்தில் இளம் பச்சைப் பூஅரைப் போட்டால் முதல் மிடறிலேயே முகம் கோணும்.

சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பெரிய இலைத் தேயிலை இது. இலையைச் சட்டியில் வாட்டி, உருட்டி, வெயிலில் காயவைத்து, ஆவி காட்டி வட்டாக அமுக்குவார்கள். வழமையான வட்டு 357 கிராம். வாங்கும்போது ‘ஷெங்’, அதாவது பச்சை வகை, என்று கேளுங்கள். ‘ஷூ’ என்பது நனைத்துக் குவித்து வேகமாக முதிரவைத்த கறுப்பு வகை. அது வேறு சாமான்.

வட்டின் நடுவில் கத்தியைக் குத்த வேண்டாம். விளிம்பில் பக்கவாட்டாக நுழைத்து, மெல்ல நெம்பிப் பிரிக்க வேண்டும். நொறுங்கின இலை சில விநாடியிலேயே கசப்பை எல்லாம் கக்கிவிடும்.

100 மில்லிலீற்றர் மூடிக் கோப்பைக்கு 5 கிராம் போதும். கேத்தல் கொதித்ததும் மூடியைத் திறந்து மூன்று, நான்கு நிமிடம் விட்டால் 90 பாகைக்குக் கிட்ட இறங்கும். முதல் தண்ணியை 5 விநாடியில் கொட்டிவிடுங்கள், அது இலையைத் தளர்த்தத்தான். அடுத்த இரண்டும் 5 விநாடி. பிறகு 8, 10, 15 என்று கூட்டிப் போகலாம். அதே இலையில் எட்டுத் தண்ணி தாராளமாக வரும். ஒவ்வொரு முறையும் சொட்டு மிஞ்சாமல் வடிக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் இடறுவது இங்கேதான்: அடியில் தேங்கியது ஊறிக்கொண்டே இருந்து அடுத்த தண்ணியையும் கெடுத்துவிடும்.

கசப்பும் கயர்ப்பும் ஒன்றல்ல. கயர்ப்பு, மரமுந்திரிகைப் பழம் கடித்தாற்போல் வாயை இழுத்துப் பிடிக்கும். கசப்பு நாக்கில் நின்று விலக வேண்டும். விலகியதும், நெல்லிக்காய் தின்று தண்ணி குடித்ததுபோல், தொண்டையில் இனிப்பு எழும். விலகாமல் ஒட்டி நின்றால் நேரத்தையும் சூட்டையும் குறைத்துப் பாருங்கள். அப்போதும் நின்றால் வட்டுத்தான் மட்டம். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம், குமட்டும். பால் சேர்ப்பதாக இருந்தால் நம் தூளே மேல்.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட வீடுகளில் கிணற்றுத் தண்ணி சவராகவோ கடினமாகவோ இருந்தால் சாயம் மங்கி, மணம் அமுங்கிவிடும். போத்தல் தண்ணி எடுங்கள். பௌர்ணமியில் பாடுமீன் கேட்கக் கல்லடிப் பாலத்தடிக்குப் போகிறவர்கள், ஊற்றிய தேத்தண்ணியை பிளாஸ்க்கில் அடைத்தால் அவிந்த கீரை வாடைதான் வரும். வெந்நீரை பிளாஸ்க்கிலும் இலையைத் தனியாகவும் கொண்டுபோகலாம். சற்று ஆறிய வெந்நீர் இளம் இலைக்கு நல்லதும்கூட.

கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் வட்டுக்குப் பயமில்லை. கார்த்திகை, மார்கழி மழையில்தான் பூஞ்சணம் பிடிக்கும். கடுதாசியில் சுற்றி, இறுக மூடும் டின்னில் வையுங்கள். ஊருக்குக் கொண்டுபோகும் கருவாட்டுப் பொதியோடு ஒரே பையில் வைத்தால், எட்டாவது தண்ணியிலும் கருவாடு மணக்கும்.