அசல் ரிகோ சிப்களோடு ஒரு கையடக்க ஃபேமிகாம்

1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் வீடியோ கேம் பெட்டி ஃபேமிகாம். அதன் அசல் சிப்களை வைத்தே கையில் பிடித்து விளையாடும் பெட்டி ஒன்றைச் செய்வதைப் பற்றியது இது. ஃபேமிகாமின் போர்டில் புதிதாக வாங்கக் கிடைக்காதவை இரண்டே சிப்கள். இரண்டும் ரிகோ செய்தவை: செயலியும் ஒலியும் சேர்ந்த 2ஏ03, படம் வரையும் 2சி02. மீதி எல்லாம் பொதுச் சரக்கு. 2 கேபி ரேம் இரண்டு, 74 வரிசை லாஜிக் ஐசி சில, சீரான துடிப்பைத் தரும் ஒரு கிரிஸ்டல், அவ்வளவுதான். ஆகவே பழைய போர்டை அறுத்துச் சுருக்க வேண்டாம். இந்த இரண்டை மட்டும் கழற்றி, புதிதாக வரைந்த நாலடுக்கு போர்டில் மற்றவற்றை எஸ்எம்டி, அதாவது போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சிறு பாகங்களாகப் போடுங்கள். உள் அடுக்கு ஒன்று முழுக்க கிரவுண்டாக இருக்கட்டும். ஏன் என்பது படத்தைப் பற்றிப் பேசும்போது புரியும்.

நன்றாக ஓடுகிற ஃபேமிகாமைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். இந்தச் சிப்கள் இனி வரப்போவதில்லை. பெட்டி நொறுங்கியது, ஸ்லாட் உடைந்தது, தடங்கள் அரித்துப்போனது என்று கிடக்கும் போர்டுகள் ஏலத்தில் கிடைக்கும். அவை போதும். பால் (PAL) எனும் நிற முறை டிவிக்கான பழைய குளோன் (நகல்) பெட்டிகள் சிலவற்றில் யூஎம்சி செய்த யூஏ6527பி, யூஏ6538 ஜோடி தனித்தனி 40 கால் சிப்களாகவே இருக்கும். அவையும் இதற்குப் பொருந்தும், ஆனால் கிரிஸ்டல் 26.601712 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ரிகோ ஜோடிக்கு 21.477272. இரண்டையும் 6ஆல் வகுத்தால் முறையே பால் முறைக்கும், ஜப்பான் பயன்படுத்திய என்டிஎஸ்சி முறைக்கும் உரிய நிற அலைவரிசை வரும். கிரிஸ்டல் மாறினால் படம் நிறமில்லாமல் கறுப்பு வெள்ளையில் நிற்பது இதனால்தான். கறுப்புப் பசைக் குமிழ் வைத்த மலிவு குளோன்களில் கழற்ற எதுவும் இல்லை.

கழற்றும்போது காப்பாற்ற வேண்டியது சிப்பின் கால்களை, போர்டை அல்ல. ஒவ்வொரு காலிலும் ஃப்ளக்ஸ் தடவி, புது 63/37 சால்டரைக் கொஞ்சம் கலந்த பிறகே உறிஞ்சுங்கள். கிரவுண்ட் காலான 20 பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும். கீழிருந்து போர்டை முன்சூடாக்கினால்தான் அது விடும். நெம்பினால் கால் ஒடியும். பிறகு சிப் இரண்டையும் சாக்கெட் வைத்த சோதனை போர்டில் ஓட்டிப் பாருங்கள். இறுதி போர்டில் சாக்கெட் வேண்டாம், அது உயரத்தைக் கூட்டும்.

பெட்டியின் அகலத்தை முடிவு செய்வது சிப் அல்ல, 60 கால் கார்ட்ரிட்ஜ் கனெக்டர். ஒரு வரிசைக்கு 30 கால், 2.54 மிமீ இடைவெளி. கால் வரிசையே கிட்டத்தட்ட 74 மிமீ. அதற்கடியில் 52 மிமீ நீளச் சிப் இரண்டும் தாராளமாக அடங்கும். சிப்பின் பிளாஸ்டிக்கை உரசிக் குறைத்து இன்னும் சிறிதாக்கியவர்களும் உண்டு. ஆனால் அந்த வேலையில் ஒரு தவறு நடந்தால் சிப் போச்சு. 80 மிமீ அகலத்தில் அதற்குத் தேவையே இல்லை.

லாஜிக் ஐசியில் பலர் சறுக்கும் இடம் ஒன்று. ரிகோ சிப்கள் என்மாஸ் வகை. அவை தரும் 'ஹை' 5 வோல்ட்டை எட்டாது. 74எச்சி (HC) வகை ஐசி அதை 'ஹை' என்று ஏற்கச் சுமார் 3.5 வோல்ட் தேவை, ஆகவே சூடு ஏறியபின் திடீரென்று எழுத்துகள் சிதறும். முகவரி பிரிக்கும் 139, படச்சிப்பின் முகவரியைப் பிடித்துவைக்கும் 373, கன்ட்ரோலர் படிக்கும் 368 எல்லாமே குறைந்த 'ஹை'யையும் ஏற்கும் எச்சிடி (HCT) வகையாக இருக்கட்டும். கிரிஸ்டலை இன்வெர்ட்டர் ஐசி (சிக்னலைத் தலைகீழாக்குவது) வைத்து ஓட்டினால் மட்டும் எச்சியூ04 போடுங்கள். சாதாரண எச்சி04இல் அலைவு நிலையாக நிற்காது. ரேமுக்கு 62256 இரண்டு போதும், ஏ11 முதல் ஏ14 வரை கிரவுண்டில் கட்டிவிடுங்கள். 70 நானோசெகண்ட் வேகம் தாராளம்.

மின்சாரம்: ஒரு லித்தியம் செல், டிபி4056 சார்ஜர், செல்லின் மின்னழுத்தத்தை உயர்த்தும் எம்டி3608 பூஸ்ட் போர்டு. பூஸ்ட் போர்டின் திருகை 5 வோல்ட்டுக்குத் திருப்பி மீட்டரில் பார்க்காமல் எதையும் இணைக்கக் கூடாது. அந்த போர்டு 28 வோல்ட் வரை தரக்கூடியது. விளையாடிக்கொண்டே சார்ஜ் செய்தால் டிபி4056 செல் நிறைந்ததைக் கண்டுகொள்ளாது, ஆகவே சார்ஜ் ஏறும்போது லோடைத் தனியே பிரித்துவிடும் மாஸ்ஃபெட் ஒன்றைச் சேருங்கள். படச்சிப் நன்றாகவே சூடாகும். செல்லை அதன் முதுகில் ஒட்டாதீர்கள்.

இனி படம். 2சி02இன் 21ஆம் காலில் கம்போசிட் சிக்னல் (படமும் நிறமும் ஒரே கம்பியில்) வருகிறது. அது பலவீனமானது. 2என்3906 போன்ற பிஎன்பி டிரான்சிஸ்டரை எமிட்டர் ஃபாலோயராக (சிக்னலுக்கு வலுக் கொடுக்கும் இணைப்பாக) வைத்தே திரைக்கு அனுப்ப வேண்டும். திரையில் தெரியும் செங்குத்துக் கோடுகளுக்குக் காரணம், பக்கத்துத் தரவுத் தடங்களின் இரைச்சல் இந்தக் காலில் ஏறுவது. 21ஆம் காலை போர்டில் இறக்காமல் மேலே மடக்கி, டிரான்சிஸ்டரை அதன் அருகிலேயே வையுங்கள். சிப்பின் 5 வோல்ட் காலான 40க்கும் கிரவுண்ட் காலான 20க்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றும் ஒட்டினாற்போல் வேண்டும். பூஸ்டின் இரைச்சலைத் தடுக்க 5 வோல்ட் பாதையில் 10 மைக்ரோஹென்ரி காயில் ஒன்று. முன்பு சொன்ன கிரவுண்ட் அடுக்கு இங்கேதான் பலன் தரும்.

முதல் முறை ஓட்டும்போது திரை ஒரே நிறத்தில் நின்றால் படச்சிப் உயிரோடுதான் இருக்கிறது, செயலிதான் நிரலைப் படிக்கவில்லை. 2ஏ03இன் 31ஆம் காலில் 1.79 மெகாஹெர்ட்ஸ் வருகிறதா பாருங்கள். வந்தால் அடுத்துக் கார்ட்ரிட்ஜின் 44ஆம் காலைப் பாருங்கள், அங்கே துடிப்பு இல்லையென்றால் 139இன் இணைப்பில்தான் பிழை. கட்டங்களின் உருவமும் இடமும் சேர்ந்தே சிதைந்தால் 373 பக்கம் தேடுங்கள். உருவம் சரியாக இருந்து இடம் மாறினால் பட ரேம். திரை நகரும்போது மட்டும் தப்பான பகுதி வந்தால் கார்ட்ரிட்ஜின் 18ஆம் கால்.

ஒலிக்கு 2ஏ03இன் 1, 2 கால்களிலிருந்து கிரவுண்டுக்குத் தலா 100 ஓம், பின் முறையே 20கே, 12கே வழியாகக் கலக்க வேண்டும். படம் பளிச்சென்று வந்தும் சத்தமே இல்லையா? சிப் மேல் சந்தேகப்படும் முன் கனெக்டரைப் பாருங்கள். ஃபேமிகாமில் ஒலி 45ஆம் கால் வழியாகக் கார்ட்ரிட்ஜுக்குள் போய் 46இல் திரும்பி வருகிறது. சாதாரணக் கார்ட்ரிட்ஜில் இந்த இரண்டும் உள்ளே இணைந்திருக்கும். கனெக்டரில் அந்த இரண்டில் ஒன்று தொடாவிட்டாலே போதும், ஒலி நின்றுவிடும்.