எடைக்கு ஊசி, கொழுப்புக்கு மாத்திரை

சிங்கப்பூருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வீடு பார்ப்பது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுவது எல்லாம் சொல்லித்தர ஆள் உண்டு, ஊரில் ஆரம்பித்த மாத்திரையை இங்கே எப்படித் தொடர்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் திருச்சியில் ஆரம்பித்த அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தவன். சொந்த உபயோகத்துக்கு 3 மாத மருந்து வரை கொண்டுவரலாம், அதனால் இங்கே டாக்டரிடம் போகவேண்டிய தேவையே வரவில்லை.

உட்கார்ந்தே பார்க்கும் வேலை, ராத்திரி பிராட்டா, எடை ஏறியதும்தான் டாக்டரிடம் போனேன். எடையைக் குறைக்கும் வெகோவி ஊசி எழுதலாம் என்றார். கொழுப்பு மாத்திரையோடு சேருமா என்று கேட்டதற்கு, முதலில் அட்டையைக் காட்டுங்கள் என்றார். நம்மூர் பிராண்டு பெயர் அவருக்குப் பழக்கமில்லை. அட்டையைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் படித்த பிறகுதான் பேசினார்.

சேரும். ஊசியில் இருக்கும் செமாக்ளூட்டைட் இரைப்பை காலியாவதைக் கொஞ்சம் மெதுவாக்கும், அதனால் மாத்திரை ரத்தத்தில் ஏறுவது சற்றுத் தள்ளிப்போகலாமே தவிர, உடம்பில் சேரும் மொத்த அளவு பெரிதாக மாறாது. அட்டோர்வாஸ்டாட்டின் அளவை மாற்றவில்லை. 2023-இல் வெளியான செலக்ட் ஆய்வில் இதய நோயுள்ள 17,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், பெரும்பாலோர் கொழுப்பு மாத்திரையும் எடுத்தவர்கள்தான். ஊசி போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 20% குறைந்தன.

கவனிக்க வேண்டியது வாந்தியை. வாரம் 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து 4 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள், ஏற்றும்போதெல்லாம் குமட்டல் வரலாம், இந்த வேர்வையில் தண்ணீரும் இறங்கவில்லை என்றால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அந்த நேரத்தில் காரணமில்லாமல் தசை வலித்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ அது மாத்திரையின் வேலையாக இருக்கலாம், உடனே டாக்டரைப் பாருங்கள். மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் போகும் கடும் வலி என்றால் நேரே அவசரப் பிரிவுதான்: கணைய அழற்சியோ பித்தப்பைக் கல்லோ இருக்கலாம்.

சீன மருந்துக்கடையில் கிடைக்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி, 'இயற்கை' என்று நம்மாட்களும் வாங்குகிறார்கள். அதில் இருப்பதும் நம் மாத்திரையின் குடும்பத்தைச் சேர்ந்த லோவாஸ்டாட்டினேதான், மாத்திரையோடு அதையும் விழுங்கினால் இரட்டை டோஸ் மாதிரி.

அப்புறம், எடை இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடும் ஆட்கள். தேக்காவில் டீ குடிக்கும்போது ஒரு அண்ணன் பெருமையாகவே சொன்னார், "பேண்ட்டே லூசாயிடுச்சு தம்பி, இனி கொழுப்பு எங்க இருக்கும்?" இடுப்பு குறைவது வேறு, ரத்தத்தில் இருக்கும் கெட்ட கொழுப்பான எல்டிஎல் வேறு. ஊசியால் எல்டிஎல் கொஞ்சம்தான் இறங்கும், பெரிய பங்கு மாத்திரையுடையது. நிறுத்துவதா குறைப்பதா என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். டெலிகிராமில் ஊசியைப் பாதி விலைக்கு விற்கிறார்கள் என்று அந்த அண்ணனே இன்னொரு ஐடியாவும் கொடுத்தார். மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது, உள்ளே என்ன இருக்கிறதோ.

ஊருக்குப் போகும்போது பேனா ஊசியைக் கைப்பையில், டாக்டர் கடிதத்தோடு வையுங்கள். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் உறைந்துவிடலாம், உறைந்த மருந்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.